பின்வேலி பார்க்கிற மனிசன்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து. தங்கச்சி கண்ணை மூடிய பிறகு அவளுடைய இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஒன்றையும் பசியோடு படுக்க விட்டதில்லை. பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்து வைப்பேன், பஸ்ஸின் பலகை வாசிப்பேன், அதற்கு மேல் தேவைப்படவில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது மகளின் மூத்த பிள்ளை. நான் 'எண்டு' என்று சொன்னால் இவள் 'என்று' என்று எழுதுகிறாள். எழுதட்டும், படித்த பிள்ளை. ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

சொல்லப் போவது இவளுடைய தகப்பனைப் பற்றி, என் மருமகனைப் பற்றி. பேர் சொல்லமாட்டேன். கலியாண நாளில் இருந்து சொன்னதில்லை. எங்கள் வீட்டில் மாமியார் மருமகனின் பேர் சொல்வதும் இல்லை, முகம் பார்த்துக் கதைப்பதும் இல்லை. என் தாயும் அப்படித்தான் இருந்தா. வீடு என்னவோ எங்களுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறவர். ஒரே கூரைக்குக் கீழ் இருந்துகொண்டு கதைக்காமல் எப்படி என்று கேட்பீர்கள். நடுவில் மகள் இருப்பாள். அவள் இல்லாத நேரம் சோறு ஆறினால் நான் குசினி வாசலில் நின்று பூனைக்குச் சொல்வேன்: "சோறு ஆறுது, ஆக்கள் வந்து தின்னலாம்." அவர் விறாந்தையில் இருந்து தூணுக்குச் சொல்வார்: "வாறன்." பத்தொன்பது வருசம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஆனால் அந்த மனிசனில் எனக்கு முதல் நாளே ஒரு ஐமிச்சம் விழுந்தது. சீதன வீடு பார்க்க வந்த நாள். முன் விறாந்தையில் வெள்ளை விரித்துக் கதிரை போட்டு வைத்திருக்கிறோம், அவர் அதில் குந்தவில்லை. நேரே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கிணற்றைப் பார்த்தார், கோழிக்கூட்டைப் பார்த்தார், பின்வேலியில் இரண்டு கிடுகு கழன்று கிடந்த இடத்தில் குனிந்து கனநேரம் நின்றார். கோப்பி ஆறிப் போயிற்று. திரும்பி வந்து என் புருசனிடம் சொன்ன முதல் பேச்சே இதுதான்: "மாமா, பின்னால ஒராள் புகுற அளவுக்கு வழி கிடக்கு."

பெண் எடுக்க வந்தவனா, வேலி அடைக்க வந்தவனா என்று நான் உள்ளே பொருமினேன். என் புருசன் சிரித்தார். "நல்லதுதானே கா, இனி நாம நாய் வளக்கத் தேவல்ல" என்றார்.

அவர் கதிரவெளி ஆள். சுனாமியில் கடல் வந்த நாளில் தாயையும் ஒரு தங்கையையும் பறிகொடுத்தவர். கடல் முன்னால் வருகிறது என்று எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டே ஓடினார்களாம், தண்ணி ஆற்றுப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றதாம். இதை மகளிடம் ஒரே ஒரு தரம் சொன்னார். எனக்கு யாரும் சொல்லவில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

எங்கே போனாலும் பின்பக்கம் பார்க்காமல் இருக்கமாட்டார். கலியாண வீட்டில் எல்லாரும் மணவறையைப் பார்க்க, இவர் சமையல் கொட்டிலின் பின்னால் நிற்பார். மகள் கதவைப் பூட்டிவிட்டேன் என்றால், "முன்னால பூட்டிட்டாய், சரி. பின்னால?" என்று கேட்பார். வேலையும் அதற்கு ஏற்றதாகவே அமைந்தது. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் கமரா அறை. ஒரு திரையில் பதினாறு படம் ஓட, அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதுக்குச் சம்பளம். "முதலாளிமார் முன் வாசலுக்குத்தான் கமரா வைக்கச் சொல்லுவாங்க. போற சாமான் எல்லாம் குசினிக் கதவால போகும்" என்று மகளிடம் சொல்வார்.

இப்படிப்பட்ட மனிசனின் கையில் இன்டர்நெட் பெட்டியைக் கொடுத்தால் என்ன நடக்கும்?

பள்ளிக்கூடம் போனுக்குள் வந்த காலத்தில் அந்தப் பெட்டியைச் சுவரில் பூட்டினோம். பச்சை வெளிச்சம் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, முகம் தெரியாத ஒருத்தனோடு போனில் கதைத்து, படம் அனுப்பி, அவன் அதை ஊர் பார்க்கப் போட, படிப்பை விட்டு வீட்டுக்குள் முடங்கியது. கெட்டிக்காரப் பிள்ளை. அன்று பின்னேரம் மருமகன் வேலையால் வந்து சட்டை கூடக் கழற்றாமல் பெட்டிக்கு முன்னால் குந்தினார்.

கூடாத இடங்களை எல்லாம் அடைத்தார். சூது, கெட்ட படம், முகம் தெரியாத ஆட்கள் கதைக்கிற இடங்கள். அதோடு பின்னேரம் ஆறு மணியில் இருந்து ஒன்பது மணி வரை படம், பாட்டு, விளையாட்டு ஒன்றும் வராது. படிக்கிற நேரமாம். என் வீட்டில் பூட்டுப் போடுகிறார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கொதித்தது. பூனையிடம் சொன்னேன், பூனைக்கு விளங்கவில்லை.

சின்னப் பேத்திக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் தகப்பனுக்குச் சரியான சோடி. ஒரு இடத்தின் பேரைத் தட்டினால் அதன் விலாசத்தைச் சொல்வதற்கு எங்கேயோ ஒரு ஆள் இருக்கிறாராம், தபால்காரனுக்கு வீடு காட்டுகிற மாதிரி. மருமகன் அந்த ஆளைத் தன் ஆளாக மாற்றி வைத்திருந்தார். கூடாத வீட்டைக் கேட்டால் அப்படி ஒரு வீடே இல்லை என்று சொல்லும். சின்னவள் இரண்டு கிழமையில் வேறு ஆளிடம் விலாசம் கேட்கப் பழகிவிட்டாள். அவர் கண்டுபிடித்தார். யாரிடம் கேட்கப் போனாலும் தன் ஆளிடமே கொண்டுவந்து விடுகிற மாதிரி பெட்டியைத் திருத்தினார். அவள் விடுவாளா? வீபீஎன் என்று ஒன்றைப் போனில் போட்டாள். அதைப் போட்டால் போர்வையால் மூடிக்கொண்டு போகிற மாதிரியாம், எங்கே போகிறது என்று பெட்டிக்குத் தெரியாது.

"அப்பா, அது தானாத் திறந்திச்சு" என்றாள் பிடிபட்ட அன்று.

"தானாத் திறக்க அது என்ன, கோழிக்கூடா?" என்றார் அவர். ஏசவில்லை, அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். ஏசுகிற மனிசனை நம்பலாம். இவர் மெல்லச் சிரித்துக்கொண்டு, "சரி. இனி எதால போவாய் எண்டு பாப்பம்" என்பார்.

எல்லாப் போனையும் மேசையில் வைக்கச் சொன்னார். போர்வையைக் கழற்றி, திரும்பப் போட முடியாதபடி பூட்டினார். போன்களுக்கு இன்னொரு கள்ளக் குணமும் இருக்கிறதாம், புது வலைக்குள் நுழையும்போது தன் சொந்த நம்பரை மறைத்து ஒரு பொய் நம்பரைக் காட்டுமாம். அதையும் ஒவ்வொன்றிலும் நிப்பாட்டினார். மகளின் போன், பேத்திமாரின் போன்கள், தன்னுடையது. என்னுடையதைக் கேட்கவில்லை. மாமியின் பொருளுக்குக் கை நீட்டுகிற ஆள் இல்லை அவர். பெட்டியின் பட்டியலில் அன்று என் போன் காட்டிய நம்பருக்குப் பக்கத்தில் 'மாமி' என்று எழுதிவிட்டு விட்டுவிட்டார்.

என் போன் துபாயில் இருக்கிற என் மூத்த மகன் பாவித்துவிட்டு அனுப்பியது. ஆறு மணிக்கு வீட்டில் எல்லாம் அடங்கிவிடும். என்னுடையதில் மட்டும் ஓடும். காதுக்குள் செருகிக்கொண்டு வடமோடிக் கூத்துப் பார்ப்பேன், கோயில் சடங்கு பார்ப்பேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வளவுக்காரியிடம் வேலியால் சொன்னேன்: "ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்ட மனிசன் எனக்கு மட்டும் திறந்து விட்டிரிக்கார் கா. மாமியெண்டா மாமிதான்."

"குடுத்து வெச்ச நீ. எங்கட மருமகன் சார்ச்சரக் கூட எனக்குத் தாறானில்ல" என்றாள்.

பெருமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், திறந்து விட்ட மனிசன் நான் என்ன பார்க்கிறேன் என்றும் பார்ப்பாரோ? கூத்துக்கு நடுவில் ஒருதரம் ஒரு ஆட்டக்காரி அரைகுறையாக ஆடிக்கொண்டு வந்துவிட்டாள். நான் தேடிப் போனதில்லை, தானாக வந்தது. அன்றிரவு அவர் என்னைத் தாண்டிப் போகும்போது தொண்டையைச் செருமினார். சளியா, வேறு ஏதுமா? அதற்குப் பிறகு போனைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள், பக்கத்து வளவில் எங்கள் இன்டர்நெட்டைப் பாவிக்கிறார்கள் என்று அவருக்கு ஐமிச்சம். பெட்டியின் பேரையும் கடவுச்சொல்லையும் மாற்றினார். மகள் எல்லாருடைய போனிலும் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள், எனக்கும்தான். அடுத்த நாள் அவருடைய பட்டியலில் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. ஆறாவதுக்குப் பேர் இல்லை. பின்னேரம் ஆறு மணிக்கு உயிர் வரும். எங்கே போகிறது என்று தெரியாது, போர்வைக்குள் போகிறது. 'மாமி' என்ற நம்பர் மட்டும் அசையாமல் கிடந்தது. மாமி போன் பார்க்கிறது குறைவு என்று நினைத்துக்கொண்டாராம்.

"அந்த நம்பர அடைச்சு விடுங்களன்" என்றாள் மகள்.

"அடைச்சா ஆள் தப்பிரும். ஓட விட்டுத்தான் பிடிக்கணும்" என்றார். கமரா அறைப் புத்தி.

வீட்டுக்குள் ஒளித்து வைத்த போன் ஒன்று இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். சின்னவள்தான் கள்ளி என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய கண் பெரியவளில் விழுந்தது, இதை எழுதிக்கொண்டிருக்கிற இவளில். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. சனி, ஞாயிறு மட்டக்களப்பு டவுனுக்கு வகுப்புக்குப் போய் வருவாள். டவுனில் எவனோ போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று அவர் கணக்குப் போட்டார். மெத்தையைத் தூக்கினார். அரிசிப் பீப்பாவுக்குள் கை விட்டார். சாமிப் படங்களின் பின்னால் பார்த்தார், கோழிக்கூட்டின் பின்னாலும் பார்த்தார். நான் என் அறை வாசலில் நின்று அவர் தேடுகிறதைப் பார்த்தேன். என் அறை வாசலுக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை சோற்று மேசையில் சொன்னார்: "நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள அந்தப் போன் மேசைக்கு வரணும். இல்லாட்டி டவுன் வகுப்பு இல்ல. கதிரவெளியில அக்கா வீட்டில இரிந்து பரீட்சைய எழுதட்டும்."

கதிரவெளியில் இருந்து எந்த வகுப்புக்குப் போகிறது? அது படிப்பை நிப்பாட்டுகிறதுக்குச் சரி.

"அப்பா, என்னட்ட ஒண்டும் இல்ல" என்றாள் இவள்.

"இல்லாதது எப்படிப் பட்டியலில இரிக்கி?"

"அப்ப பட்டியலயே மகளா வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள். தட்டில் சோறு அப்படியே கிடந்தது. அடுத்த நாள் பகலும் தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்து முடிந்த நேரம். அவர் விறாந்தையில் போனில் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார். இவளைத் தனக்கு முன்னால், சின்னவளை அதற்குப் பக்கத்தில் இருத்தியிருக்கிறார். இரண்டு பேரின் போனும் மேசையில். மகள் கீரை ஆய்ந்துகொண்டு இருக்கிறாள். நான் அறைக்குள் கூத்துப் போட்டேன். என்ன செய்ய? நெஞ்சு சரியில்லாத நேரம் எனக்கு அதுதான் மருந்து. ஒரு காதில்தான் செருகியிருந்தேன்.

"ஓடுது" என்றார் அவர். "இந்த நிமிசம் ஓடுது. ஆர்?"

"ஒங்களுக்கு முன்னுக்கு வெறுங்கையோட இரிக்கன் அப்பா" என்று இவள் அழுகிறாள்.

எனக்குக் கூத்துக் கேட்கவில்லை, அந்தக் குரல்தான் கேட்டது. விரலால் கூத்தை நிப்பாட்டினேன்.

"நிண்டிட்டு" என்றார் வெளியே.

என் போனா அது? திரும்ப ஓட விட்டேன்.

"ஓடுது."

நிப்பாட்டினேன்.

"நிண்டிட்டு. ஆரோ நம்மளப் பாத்து விளையாடுறாங்க" என்று அவர் எழும்பி வளவின் பின்பக்கம் போகப் புறப்பட்டார்.

நான் அறையால் வெளியே வந்தேன். காதில் இருந்த வயர் தொங்க, போனை நீட்டிக்கொண்டு அவருக்கு நேரே போய் நின்றேன். பத்தொன்பது வருசத்தில் அந்த முகத்தை நான் நேரே பார்த்ததில்லை. மூக்கின் இடப்பக்கத்தில் ஒரு மச்சம் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

"மகனே, அது நான்தான்" என்றேன்.

மகளின் கையில் இருந்த கீரை விழுந்தது. அவர் இரண்டு கையாலும் போனை வாங்கினார். கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி. "மாமி, பாக்கட்டா?" என்று கேட்டார். அதுதான் அவர் என்னோடு நேரே கதைத்த முதல் பேச்சு.

எல்லாம் வெளியே வந்தது. துபாயில் இருந்து வீட்டுக்கு முகம் பார்த்துக் கதைக்க அந்தப் போர்வை இல்லாமல் ஏலாதாம். மகள் அங்கே போன் எடுத்துக் கேட்டாள். "ஓம் தங்கச்சி, இஞ்ச எல்லார்ட போனிலயும் அது கிடக்கும். அம்மாக்கு அனுப்பக்குள்ள கழட்ட மறந்திட்டன்" என்றான் மூத்தவன். மரியாதைக்குத் திறந்து விட்டார் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது மூத்தவனின் மறதி. பெட்டியின் பேரை மாற்றிய அன்று என் போன் பொய் நம்பர் காட்டியிருக்கிறது, அதுதான் ஆறாவது. மருமகன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும்: மாமி, ஒங்கட போன் வேலை செய்யுதா? ஹோட்டலின் பதினாறு வாசலையும் பார்க்கிற மனிசனுக்கு அதைக் கேட்க வாய் இல்லை. பூனையிடமாவது கேட்டிருக்கலாம். நானும்தான், கூத்து ஓடுகிறது என்று பூனையிடமாவது சொல்லியிருக்கலாம்.

அவர் போர்வையைக் கழற்றினார். "எனக்கும் அந்த ஆறு மணிப் பூட்டப் போடுங்க" என்று சொன்னேன், நேரேதான் சொன்னேன். போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டிருக்கலாம்.

இவளிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு "வகுப்புக்குப் போ" என்றார். அடுத்த நாள் விடிய அவரே மோட்டச்சைக்கிளில் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார். இவள் இறங்கித் திரும்பிப் பாராமல் பஸ்ஸில் ஏறினாள்.

பரீட்சை எழுதினாள், கம்பஸ் படிப்புக்கு எடுபட்டாள். அவர் ரொமேனியாவுக்கு வேலைக்குப் போய் ஒரு வருசத்துக்கு மேலாகிறது. அங்கேயும் ஒரு களஞ்சியத்தில் காவல்தானாம், பின்வாசலுக்குத்தான் போட்டிருக்கிறார்களாம். சுவரில் பச்சை வெளிச்சம் சிமிட்டும்போது அவர் அங்கே இருந்து எங்கள் பட்டியலைப் பார்க்கிறார் என்று எனக்கு இன்னும் ஒரு எண்ணம். கேட்டால் சிரிப்பார். இப்போது என்னோடு நேரே கதைக்கிறார். "மாமி, பின்வேலி எப்படி?" என்பார். இவளோடுதான் கதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், "சாப்பிட்டீங்களா? ஓம். அம்மாட்டக் குடுக்கிறன்." அவ்வளவுதான். அந்த மனிசன் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மகளின் தோளுக்கு மேலால் நான் பார்த்திருக்கிறேன்.

இனிச் சொல்லப் போவதை நீ கையை நிப்பாட்டாமல் எழுத வேண்டும், மக.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஏழெட்டு நாள் முன்னால் நீ கிணற்றடியில் நின்று, காதில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய். நான் பின்னால் இருந்து பார்த்தேன். கையில் போன் இருந்ததா? நான் காணவில்லை. உன் அம்மாவிடம் போய், "புள்ள கிணத்தடியில ஒளிச்சு ஆரோடயோ போனில கதைக்காள், என்ட கண்ணால கண்டன்" என்று சொன்னேன். அவள் அதை உன் அப்பாவிடம் கொண்டுபோனாள். அதுவரைக்கும் அவர் சின்னவளைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தவர். அவர் கண் உன்னில் விழுந்தது என் சொல்லால். பட்டியலில் பேர் இல்லாத அந்த ஆறாவதுக்கு உன் பேரை வைத்தது நான்.

நீ அவரிடம் எத்தனை தரம் கேட்டாய், ஏன் அப்பா என்னை நினைச்சீங்க எண்டு? ஒரு தரமாவது 'மாமி சொன்னவ' என்று சொன்னாரா? உன் அம்மாவையும் சொல்ல விடவில்லை. உன் கோபத்தை முழுக்கத் தானே வாங்கிக்கொண்டு அங்கே குளிருக்குள் நிற்கிறார். எல்லாப் பின்வழியையும் அடைக்கிற மனிசன், நான் தப்பிப் போக மட்டும் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். அதால் நான் இரண்டு வருசம் போய் வந்துவிட்டேன். இனிப் போகமாட்டேன்.

என்ன, எழுதுகிற கை நின்றுவிட்டது? எழுது.

எழுதிட்டாயா? இப்ப வாசி, கேப்பம். முதல்ல இருந்து வேணாம். காணாததக் கண்ணால கண்டன் எண்டு நான் சொன்ன இடத்தில இருந்து வாசி. சத்தமா வாசி, மக.